வாடகை ஏற ஏறச் சுருங்கும் சட்டம்: ஆடம்பர வீடுகளின் வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு விளக்கம்

லண்டனின் கென்சிங்டன் பகுதியில் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிரே இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் வாடகை வாரத்துக்கு 1,900 பவுண்டு. மற்றதன் வாடகை 2,000 பவுண்டு. முதல் வீட்டின் உரிமையாளர் ஆறு வார வாடகைக்கு மேல், அதாவது 11,400 பவுண்டுக்கு மேல், வைப்புத்தொகை (அட்வான்ஸ்) கேட்க முடியாது. வாங்கிய தொகையை அரசின் ஏற்புப் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ் 30 நாட்களுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். தவறினால், அத்தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை வாடகைதாரருக்கு இழப்பீடாகத் தரும்படி நீதிமன்றம் ஆணையிடும். எதிர்வீட்டு உரிமையாளருக்கு இவற்றுள் எதுவுமே பொருந்தாது. அவர் பத்து வார வாடகையை வைப்புத்தொகையாகக் கேட்கலாம். வாங்கியதைத் தம் சொந்த வங்கிக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே ஓர் எண்தான். இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், ஆண்டு வாடகை 1 லட்சம் பவுண்டைத் தாண்டும் வீடுகளைத் தன் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிறுத்துகிறது. வாரத்துக்கு 1,900 பவுண்டு என்பது ஆண்டுக்கு 98,800 பவுண்டு. 2,000 பவுண்டு என்பது 1,04,000 பவுண்டு. எல்லைக்கோடு இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஓடுகிறது.

வாடகை கூடினால் வசதியும் கூடும், அதோடு பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பது இயல்பு. சட்டத்தின் நடைமுறை பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. நகரின் மிக விலையுயர்ந்த பகுதியில் குடியேறுபவருக்கு, நடுத்தர வீட்டில் வசிப்பவருக்குச் சட்டமே தரும் பல உரிமைகள் கிடைப்பதில்லை. அவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பவை மட்டுமே அவருடைய உரிமைகளாகின்றன. இது ஏன் இப்படி அமைந்தது, எந்த நகரில் எந்த அளவுக்கு, ஒப்பந்தத்தில் எந்த வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும் என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மூன்று அடிப்படைச் சொற்கள்

வாடகைச் சட்டங்கள் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே எழுதப்படுகின்றன.

1. வாடகைக் கட்டுப்பாடு: எவ்வளவு வாடகை வாங்கலாம், ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு அரசு வகுக்கும் வரம்பு.

2. குடியிருப்பு உறுதி: சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் குடியிருப்பு தானாக முடிந்துவிடாது என்பதே இதன் சாரம்.

3. வைப்புத்தொகை: பேச்சு வழக்கில் அட்வான்ஸ் என்கிறோம். சேதத்துக்கும் வாடகை பாக்கிக்கும் ஈடாக உரிமையாளர் பிடித்து வைக்கும் பணம் இது. அது வாடகைதாரரின் பணம் என்பதை நினைவில் வைத்தால்தான் பின்னால் வரும் தகராறுகள் விளங்கும்.

இம்மூன்றும் எந்த வீட்டுக்குப் பொருந்தாதோ, அந்த வீட்டைப் பொறுத்தவரை உரிமையாளரும் வாடகைதாரரும் இரு வணிகர்கள் போலவே கருதப்படுகிறார்கள். இருவரும் பேசி எழுதியதே சட்டம். இதை ஒப்பந்தச் சுதந்திரம் என்பார்கள். சொல் இனிமையானது, ஆனால் ஒப்பந்தத்தை எழுதுவது பெரும்பாலும் உரிமையாளரின் வழக்கறிஞரோ முகவரோதான்.

## சட்டம் ஏன் ஒதுங்கி நிற்கிறது?

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுள் பல உலகப் போர்க்காலத்துப் பற்றாக்குறையில் பிறந்தவை. வீடு கிடைக்காமல் தவிப்பவரிடம் உரிமையாளர் கேட்டதையெல்லாம் கறந்துவிடக் கூடாது என்பதே அவற்றின் நோக்கம். அதனால் இயல்பாகவே ஒரு கேள்வி எழுந்தது: பேரம் பேசும் ஆற்றலும் வேறு வீடு தேடும் வசதியும் உள்ளவருக்கு இந்தக் கவசம் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் சட்டங்கள் ஒரு வாடகைத் தொகையைக் குறித்து, அதற்கு மேற்பட்டவற்றை விலக்கின.

வாதம் நியாயமானதே. சிக்கல் தொகையில் இருக்கிறது. விலைவாசி ஓடிக்கொண்டே இருக்க, சட்டத்தில் அச்சிட்ட எண் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு காலத்தில் மாளிகைகளை மட்டும் விலக்கிய எண், சில ஆண்டுகளில் சாதாரண வீடுகளையும் வெளியே தள்ளத் தொடங்குகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புகளைச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கியிருந்தது. வணிகக் கட்டடங்களுக்கோ அப்படிப்பட்ட உச்சவரம்பு இல்லை. எவ்வளவு வாடகை கொடுத்தாலும் கடைக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு, 400 ரூபாய்க்கு மேல் கொடுத்துக் குடியிருப்பவருக்கு இல்லை. ரத்தன் ஆர்யா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் இந்த விலக்கைச் செல்லாது என்று தீர்த்தது. வாடகைகள் பல மடங்கு ஏறிவிட்ட நிலையையும் கருத்தில் கொண்டு, குடியிருப்பவரை மட்டும் இப்படிப் பிரித்து வைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது உறுப்பு தரும் சமத்துவத்துக்கு முரணானது என்றது.

தில்லியில் கதை வேறு விதமாக முடிந்தது. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1988-இல் திருத்தப்பட்டபோது, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டடங்கள் விலக்கப்பட்டன. அன்று அது உயர்ந்த வாடகை. அந்த எண் அப்படியே நிலைத்துவிட்டதால், பிற்காலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுள் மிகப் பெரும்பாலானவை, சிறிய வீடுகளுடையவை உட்பட, அச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. மாளிகைக்காகத் திறந்த வாசல் வழியே ஊரே வெளியேறியதற்கு ஒப்பானது இது.

இங்கிலாந்தும் இதே சிக்கலைச் சந்தித்தது. அங்கு முதலில் இருந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 25,000 பவுண்டு. லண்டன் வாடகைகள் ஏறியதால் கூட்டாக வீடு எடுத்துத் தங்கிய சாதாரண ஊழியர்கள்கூட அந்த எல்லையைக் கடந்தனர். எனவே 2010 அக்டோபர் 1 முதல் அது 1 லட்சம் பவுண்டாக உயர்த்தப்பட்டது. காரணம் இல்லாமலே வெளியேற்றும் வழியை மூடிய 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டமும் இந்த 1 லட்சம் பவுண்டு எல்லையைத் தொடவில்லை.

நியூயார்க் இன்னும் நுட்பமாக நடந்துகொண்டது. 1993-இல் அங்கு, மாத வாடகை 2,000 டாலரை எட்டிய வீடுகள் காலியானால் அவற்றைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் வழி திறக்கப்பட்டது. அந்த வழியைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான வீடுகள் வெளியேறிய பின், 2019 ஜூன் 14 அன்று அவ்விதி நீக்கப்பட்டது. பிறகு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நியாயமான காரணமின்றி வெளியேற்றத் தடை விதிக்கும் சட்டம், தொகையை எழுதாமல் விகிதத்தை எழுதியது: கூட்டாட்சி அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் நியாய வாடகையைப் போல 245 விழுக்காட்டைத் தாண்டும் வீடுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. எண்ணுக்குப் பதில் விகிதத்தை வைத்தது, என் பார்வையில், இத்துறையில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட மிக அறிவார்ந்த திருத்தம். விலைவாசி நகரும்போது எல்லையும் கூடவே நகர்கிறது. ஆனாலும் ஆடம்பர வீட்டின் வாடகைதாரர் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

## தொகையைப் பார்க்காத நகரங்கள்

எல்லா இடங்களிலும் இப்படியே என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. துபாயில் வாடகை உயர்வுக்கான வரம்பு வீட்டின் மதிப்பைப் பார்ப்பதில்லை. 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணையின்படி, நடப்பு வாடகை அப்பகுதியின் சராசரியைவிட 10 விழுக்காடு வரை குறைவாக இருந்தால் உயர்வே கூடாது; 11 முதல் 20 வரை குறைவென்றால் 5 விழுக்காடு உயர்த்தலாம்; இப்படிப் படிப்படியாக ஏறி, 40 விழுக்காட்டுக்கு மேல் குறைவாக இருந்தால் அதிகபட்சம் 20 விழுக்காடு. கடலோர வில்லாவுக்கும் ஓரறை வீட்டுக்கும் இதே அட்டவணைதான்.

ஜெர்மனியில் வைப்புத்தொகை எந்த வீட்டுக்கும் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதை மூன்று தவணைகளில் செலுத்தும் உரிமையும் வாடகைதாரருக்கு உண்டு. பாரிஸில் 2019 ஜூலை 1 முதல் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடிப்படை வாடகை அறிவிக்கப்படுகிறது. அதைவிட 20 விழுக்காடு வரைதான் கூடுதலாக வாங்கலாம்.

ஆனால் இந்த நகரங்களிலும் ஆடம்பர வீட்டுக்கென்று ஓர் ஓரக் கதவு திறந்தே இருக்கிறது. புதிதாக வாடகைக்கு விடும்போது கேட்கும் தொகைக்கு வரம்பு வைக்கும் ஜெர்மனியின் 2015-ஆம் ஆண்டு வாடகைத் தடுப்பு விதி, 2014 அக்டோபர் 1-க்குப் பின் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த புதிய கட்டடங்களுக்குப் பொருந்தாது. தளவாடங்களோடு விடப்படும் வீட்டில் அத்தளவாடங்களுக்காக எவ்வளவு கூடுதலாக வாங்கலாம் என்பதற்கும் அது உச்சவரம்பு வகுக்கவில்லை. பாரிஸிலோ, அகன்ற மொட்டைமாடி, அரிய காட்சி போன்ற தனிச்சிறப்புகளுக்காக வரம்புக்கு மேல் ஒரு துணை வாடகையை உரிமையாளர் சேர்த்துக்கொள்ளலாம். அதை எதிர்க்க விரும்பும் வாடகைதாரர் கையெழுத்திட்ட மூன்று மாதங்களுக்குள் சமரசக் குழுவிடம் முறையிட வேண்டும். குடிபுகுந்து திரைச்சீலை மாட்டி முடிப்பதற்குள் அந்த மூன்று மாதங்கள் கழிந்துவிடும் என்பதால், இந்தக் கெடுவை ஒப்பந்த நாளன்றே குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

## வாங்கும் வசதி இருந்தும் வாடகைக்கு வருவது ஏன்?

இவ்வளவு குறைந்த பாதுகாப்போடு இவ்வளவு பெருந்தொகையை ஏன் ஒருவர் கொடுக்க வேண்டும் என்ற ஐயம் எழும். விடை பெரும்பாலும் வரியில் இருக்கிறது.

சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல், குடியிருப்பு வாங்கும் வெளிநாட்டவர் வழக்கமான முத்திரை வரிக்கு மேல் விலையில் 60 விழுக்காட்டைக் கூடுதல் முத்திரை வரியாகச் செலுத்த வேண்டும். அங்குள்ள மிக உயர்ந்த வகை வீடுகளான தனி பங்களாக்களை வாங்க வெளிநாட்டவருக்கு அரசின் தனி ஒப்புதலும் வேண்டும். இரண்டு ஆண்டுப் பணிக்காக வரும் ஒருவருக்கு வாடகையே ஒரே வழி.

லண்டனில், வேறொரு வீடு ஏற்கெனவே வைத்திருக்கும், வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் 50 லட்சம் பவுண்டுக்கு ஒரு வீடு வாங்கினால், அடிப்படை முத்திரை வரி 5,13,750 பவுண்டு. இரண்டாம் வீட்டுக்கான 5 விழுக்காடும் வெளிநாட்டில் வசிப்பவருக்கான 2 விழுக்காடும் சேர்ந்தால் மொத்தம் 8,63,750 பவுண்டு. முதலில் சொன்ன 2,000 பவுண்டு வீட்டில் அந்த வரிப்பணத்தை மட்டும் வைத்தே எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாடகை கொடுத்துவிடலாம். ஓரிரு ஆண்டுகளில் நாடு மாறக்கூடியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் வாங்கத் துணியமாட்டார்.

## ஒப்பந்தத்தில் எங்கே விழிப்பு வேண்டும்?

சட்டம் விலகி நிற்கும் இடத்தில் ஒப்பந்தமே அரணாக வேண்டியிருப்பதால், கையெழுத்துக்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம். இவற்றின் எடை ஒன்றுபோல் இல்லை. முதல் மூன்றில்தான் பெரும்பாலான பணம் போகிறது.

1. வீட்டு நிலைப் பட்டியல். வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு பொருளும் எந்த நிலையில் இருந்தது என்று எழுதி இருவரும் கையொப்பமிடும் ஆவணம் இது. சாதாரண வீட்டில் இது ஒரு சடங்காக முடிந்துவிடலாம். ஆடம்பர வீட்டில் இதுவே வழக்கின் அடித்தளம், ஏனெனில் அங்குள்ள பொருள்கள் எளிதில் காயப்படுபவை, காயத்தை ஆற்றும் செலவு மிகுந்தவை.

பளிங்கையே எடுத்துக்கொள்வோம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சொட்டினால் அமிலம் கல்லின் மேற்பரப்பையே அரித்து ஒரு மங்கலான வட்டத்தை விட்டுச் செல்லும். அது கறை அன்று. ஆகவே துடைத்தால் போகாது. அந்தப் பரப்பையே மீண்டும் தேய்த்து மெருகேற்ற வேண்டும், ஒரு கல்லை மட்டும் மெருகேற்றினால் பக்கத்துக் கல் மங்கித் தெரியும் என்பதால் முழு மேடைக்கும் செலவு கேட்பார்கள். மரத்தரையில் குதிகால் உயர்ந்த காலணியின் முனை பதித்த சிறு குழிகளும் இப்படித்தான்.

பட்டியலில் "சமையலறை மேடை: பளிங்கு, நல்ல நிலை" என்று ஒரே வரி இருந்தால், முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற வட்டமும் உங்கள் கணக்கில் சேரும். "அடுப்புக்கு வலப்புறம், விளிம்பிலிருந்து ஒரு சாண் தொலைவில், நாணய அளவில் மங்கல் வட்டம், பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது" என்று எழுதி, கைவிளக்கை மேடைப் பரப்போடு சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தையும் இணைத்தால், அந்த வட்டம் யாருடையது என்ற கேள்வியே எழாது. மேலிருந்து நேராக எடுக்கும் படத்தில் பளிங்கின் அரிப்பு பதிவாகாது என்பதை மறக்க வேண்டாம்.

சேதம் நம்முடையதே என்றாலும், பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைக் கேட்பது முறையன்று என்பது இங்கிலாந்தின் வைப்புத்தொகைத் தகராறுகளில் நிலைபெற்ற கொள்கை. பத்து ஆண்டு உழைக்கும் கம்பளம் ஆறு ஆண்டு உழைத்திருந்தால், எஞ்சிய நான்கு ஆண்டின் மதிப்பை, அதாவது விலையில் 40 விழுக்காட்டை, மட்டுமே கேட்கலாம். பாதுகாப்புத் திட்டத்துக்கு வெளியே உள்ள வீட்டில், இக்கணக்கு முறையும் இயல்பான தேய்மானத்துக்கான விலக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

2. வைப்புத்தொகை யார் கையில்? தொகையின் அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முதன்மையானது. உரிமையாளர் நொடித்துப்போனால் அவருடைய கடன்காரர்களோடு வாடகைதாரரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே பணம் நடுநிலையான மூன்றாம் தரப்பின் கணக்கிலோ, தனியாகப் பிரித்து வைத்த கணக்கிலோ இருக்க வேண்டும், எத்தனை நாளில் திரும்பத் தர வேண்டும், பிடித்தத்துக்கு எழுத்து மூலமான கணக்குத் தர வேண்டும் என்று எழுதிக்கொள்வது நல்லது. நியூயார்க்கில் 2019 முதல் வைப்புத்தொகை ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. வீட்டைக் காலி செய்த 14 நாட்களுக்குள் பிடித்தங்களின் விவரத்தோடு மீதியைத் திருப்பித் தராவிட்டால், எதையும் பிடித்துக்கொள்ளும் உரிமையை உரிமையாளர் இழக்கிறார். இந்த விதியையே முன்மாதிரியாக வைத்து வேறு நகரங்களின் ஒப்பந்தங்களிலும் ஒரு பிரிவைக் கேட்டுப் பெறலாம்.

3. இடையில் விலகும் உரிமை. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எட்டாம் மாதம் வேலை போனால் மீதிப் பதினாறு மாத வாடகைக்கும் பொறுப்பு உண்டா? விலகல் பிரிவு இல்லாவிட்டால், உண்டு என்பதே பல நாடுகளில் தொடக்க நிலை. சிங்கப்பூரில் இதற்கெனத் தூதரகப் பிரிவு என்றழைக்கப்படும் ஒரு வழக்கம் இருக்கிறது. பெயரில் தூதரகம் இருந்தாலும் பணிக்காக வந்த எந்த வெளிநாட்டவருக்கும் அது பயன்படும்: பொதுவாக 12 மாதங்கள் கழிந்தபின், பணி முடிந்ததற்கோ வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டதற்கோ சான்று காட்டி, இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். அப்படி விலகினால் முகவருக்கு உரிமையாளர் கொடுத்த தரகின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் பெரும்பாலும் உடன் வரும். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விலகல் உரிமை ஒருதரப்பாக உரிமையாளருக்கு மட்டும் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். வீட்டை விற்க நேர்ந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற ஒற்றை வரி, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்ட குடும்பத்தின் ஆண்டு நடுவில் இடி போல விழக்கூடும்.

4. பராமரிப்பு யார் பொறுப்பு? நீச்சல்குளம், தனி மின்தூக்கி, மைய குளிர்சாதனம், தோட்டம், மின்னாக்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் உண்டு: வாடிக்கையான பராமரிப்புக்கு யார் செலவு, பழுதானால் யார் செலவு, பழுது நீங்கும் வரை வாடகையில் கழிவு உண்டா? இங்கே ஓர் ஆறுதலான செய்தியும் இருக்கிறது. இங்கிலாந்தின் 1985-ஆம் ஆண்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ஏழு ஆண்டுக்குக் குறைந்த குடியிருப்புக் குத்தகைகளில் கட்டடத்தின் அமைப்பு, தண்ணீர், எரிவாயு, மின்சாரம், வெப்பமூட்டும் ஏற்பாடு ஆகியவற்றைச் சீர்செய்யும் பொறுப்பை உரிமையாளர் மீதே வைக்கிறது. வாடகை எவ்வளவானாலும் இது மாறாது. 1 லட்சம் பவுண்டுக் கோட்டைக் கடந்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அதுபோல, காலம் முடிந்தாலும் நீதிமன்ற ஆணையில்லாமல் பூட்டை மாற்றி அவரை வெளியேற்ற முடியாது. ஆனால் நீச்சல்குளத்தின் நீரேற்றியும் திரைச்சீலையை இயக்கும் மோட்டாரும் அந்தப் பிரிவின் பட்டியலில் இல்லை. அவை ஒப்பந்தத்தின் பாடு.

5. தானியங்கிக் கருவிகள். விளக்கு, பூட்டு, கண்காணிப்புக் கேமரா எல்லாம் ஒரு செயலியின் கீழ் இயங்கும் வீட்டில், முதன்மைக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே வீட்டின் சாவியும் இருக்கிறது. முந்தைய குடித்தனக்காரர், உரிமையாளர், கருவிகளைப் பொருத்திய நிறுவனம் என்று பலருக்கு அணுகல் இருந்திருக்கலாம். குடிபுகும் நாளில் எல்லாக் கணக்குகளும் அழிக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கப்படும், வீட்டுக்குள் உள்ள கேமராக்கள் துண்டிக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

6. உரிமையாளருக்கு மேலே யார்? லண்டனின் பெல்கிரேவியா, மேஃபேர் பகுதிகளில் பரந்த நிலம் குரோவ்னர் குடும்பத்தின் நிலவுடைமை நிறுவனத்துக்கும், செல்சியில் கணிசமான பகுதி கடோகன் நிறுவனத்துக்கும் சொந்தம். அங்கே வீட்டை வாடகைக்கு விடுபவரே பல நேரங்களில் நீண்டகாலக் குத்தகைதாரர்தான். அவருடைய மூலக் குத்தகையில் செல்லப்பிராணி கூடாது, வெறும் மரத்தரை கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கலாம். உங்களுக்கு அவர் கொடுக்கும் அனுமதி அவ்விதிகளை மீற முடியாது. நியூயார்க்கின் கூட்டுறவுக் கட்டடங்களில் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் கிடைக்கும் வரை ஒப்பந்தம் உறுதியாகாது. குழு வருமானம், சொத்து, பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் கேட்கும். உரிமையாளர் கடன் வாங்கிய வங்கியின் ஒப்புதலும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆகவே மூலக் குத்தகையின் படியையும், கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதத்தையும் காட்டும்படி கேட்க வேண்டும்.

7. நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம். பணியாளருக்காக நிறுவனமே வாடகைதாரராகக் கையெழுத்திடுவது இவ்வகை வீடுகளில் மிகுதி. இங்கிலாந்தில் தனிநபருக்கு மட்டுமே உரிய பாதுகாப்புகள் இதனால் இல்லாமல் போகும். மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வங்கிகள், பன்னாட்டு நிறுவனங்கள், செலுத்தப்பட்ட மூலதனம் 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு விட்ட கட்டடங்களை விலக்குகிறது.

## வாடகைதாரரே வரி பிடிப்பவராகும்போது

ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாமல் வாடகைதாரர் தலையில் ஏறும் கடமைகளும் உண்டு. உயர்வாடகைக் குடித்தனத்தில் பலரும் தெரியாமல் சிக்குவது இங்கேதான்.

இந்தியாவில் மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் தனிநபர், தாம் தொழில் நடத்தாதவராக இருந்தாலும், வாடகையில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 2017 ஜூன் 1 முதல் இருந்த 5 விழுக்காடு, 2024 அக்டோபர் 1 முதல் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கே மாறிவிடும்: 50,000 ரூபாய் என்ற எல்லை அங்கு இல்லை, விகிதம் மேல்வரியோடு சேர்த்து 31.2 விழுக்காடு, பெருவருமானக்காரர் என்றால் அதற்கு மேலும். மாத வாடகை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உள்நாட்டு உரிமையாளரிடம் மாதக் கணக்கில் பிடிக்க வேண்டியது 4,000 ரூபாய். வெளிநாட்டில் வசிப்பவரிடம் 62,400 ரூபாய். பிடிக்கத் தவறினால் வரித்துறை கேட்பது உரிமையாளரை அன்று, வாடகைதாரரை. உரிமையாளர் எந்த நாட்டில் வரி செலுத்தும் குடியிருப்பாளர் என்று எழுதி வாங்குவது ஏன் கட்டாயம் என்பது இந்த இரு எண்களைப் பார்த்தாலே விளங்கும்.

இங்கிலாந்திலும் இதற்கு இணையான விதி இருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்து, நடுவில் முகவரும் இல்லாமல், வாரத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் வாடகை நேரடியாகச் செலுத்தப்படுமானால், வரித்துறையிடமிருந்து விலக்குக் கடிதம் வராத வரை 20 விழுக்காட்டை வாடகைதாரர் பிடித்துச் செலுத்த வேண்டும்.

அங்கே முத்திரை வரியும் வாடகைதாரர் மீதே விழுகிறது. குத்தகைக் காலம் முழுவதற்குமான வாடகையை ஆண்டுக்கு 3.5 விழுக்காடு கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அது 1,25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 1 விழுக்காடு வரி. ஒரு நிறுவனத்தின் பெயரில் ஆண்டுக்கு 72,000 பவுண்டு வாடகையில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் இன்றைய மதிப்பு 1,36,778 பவுண்டு. வரி 117 பவுண்டு. தொகை சிறியது, ஆனால் 14 நாட்களுக்குள் அறிக்கை தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் வரியை மிஞ்சக்கூடும். அதே வீட்டில் தொடர்ந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஆண்டுகள் கூட்டிப் பார்க்கப்படலாம் என்பதால், முதல் ஒப்பந்தத்தில் வராத வரி மூன்றாம் ஆண்டில் வரக்கூடும். சிங்கப்பூரில் கணக்கு எளிது: நான்கு ஆண்டு வரையிலான குத்தகைக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, செலுத்துபவர் வாடகைதாரர்.

## வீட்டை ஒப்படைக்கும் நாள்

தொடக்கத்தில் பார்த்த எதிரெதிர் வீடுகளுக்கு மீண்டும் செல்வோம். இரு குடும்பங்களும் ஒரே நாளில் காலி செய்கின்றன. இரு உரிமையாளர்களும் பளிங்கு மேடையைக் காட்டி 6,000 பவுண்டைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். 1,900 பவுண்டு வீட்டுக்காரர், வைப்புத்தொகையைப் பாதுகாக்கும் திட்டத்தின் இலவசத் தீர்வு மையத்துக்குப் பட்டியலையும் படங்களையும் அனுப்பலாம்; சேதத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது, முடிவு வரும்வரை தகராறுக்குரிய பணம் திட்டத்தின் பாதுகாப்பிலேயே இருக்கும். 2,000 பவுண்டு வீட்டுக்காரருக்கு அந்த மையத்தின் கதவு தானாகத் திறக்காது. அவர் தம் பணத்தைக் கேட்டுத் தாமே வழக்குத் தொடர வேண்டும், நீதிமன்றக் கட்டணத்தை முன்னதாகச் செலுத்த வேண்டும், தீர்ப்பு வரும்வரை 6,000 பவுண்டும் உரிமையாளரின் கணக்கில் இருக்கும். கையெழுத்திடும் முன்பு, தகராறு எழுந்தால் சுதந்திரமான மதிப்பீட்டாளர் ஒருவரின் முடிவுக்கு இருவரும் கட்டுப்படுவோம் என்றும், அதுவரை பணம் மூன்றாம் தரப்பிடம் இருக்கும் என்றும் இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தால், எதிர்வீட்டாருக்குச் சட்டம் தந்ததில் பெரும்பகுதியை அவரும் தம் ஒப்பந்தத்தின் வழியே பெற்றிருப்பார். அந்த வரிகளைக் கேட்பதற்குரிய நேரம், உரிமையாளர் வாடகைதாரரைத் தேடிக்கொண்டிருக்கும், முதல் மாத வாடகை இன்னும் கை மாறாத, அந்தச் சில நாட்கள்தான்.